ஊட்டி மண்ணுக்கு எரிமலை மண்ணின் குணம் வந்தது எப்படி?

மண்ணுக்குப் பெயர் வைப்பது நிறத்தைப் பார்த்து அல்ல, குணத்தைப் பார்த்துத்தான்!

சாம்பல் என்றதும் நமக்கு அடுப்புச் சாம்பல்தான் நினைவுக்கு வரும். உரக்கடையில் ‘சாம்பல் சத்து’ என்று கேட்டால் பொட்டாஷ் கொடுப்பார்கள். எரிமலைச் சாம்பல் இந்த இரண்டும் இல்லைங்க. அது எதுவும் எரிந்து மிஞ்சிய சாம்பலே கிடையாது. எரிமலை வெடிக்கும்போது உருகிய பாறைக் குழம்பு காற்றில் சிதறி, சட்டென்று குளிர்ந்து, பொடிப்பொடியான கண்ணாடித் துகள்களாக மாறிவிடுகிறது. அதோடு பாறைத் தூளும் சேர்ந்துகொள்கிறது. 2 மில்லிமீட்டருக்கும் சிறிய இந்தத் துகள்களுக்குத்தான் எரிமலைச் சாம்பல் என்று பெயர்.

“தமிழ்நாட்டில் வெடிக்கிற எரிமலை எதுவுமே இல்லையே, இது நமக்கு எதற்கு?” என்று கேட்கிறீர்களா? நியாயமான கேள்விதான். எரிமலைச் சாம்பலில் உருவாகும் மண்ணுக்கு உள்ள அதே குணம், எரிமலையே இல்லாத நீலகிரியின் உச்சிப் பகுதி மண்ணிலும் இருக்கிறது. இந்த வகை மண்ணில் நீங்கள் போடும் மணிச்சத்து உரத்தில் பெரும்பகுதி பயிருக்குப் போகாமல் மண்ணிலேயே பூட்டிக்கொள்ளும். அதாவது, உங்கள் பணம் மண்ணுக்குள் மாட்டிக்கொள்கிறது. அதனால் இந்த மண்ணைப் பற்றித் தெரிந்துகொள்வது நமக்கும் அவசியம்.

சாம்பல் ஏன் பள்ளத்தாக்கில் சேருகிறது?

வானத்திலிருந்து விழும் சாம்பல் மலை, சரிவு, சமவெளி என்று எல்லா இடத்திலும்தான் படியும். ஆனால் சரிவில் விழுந்தது நிற்காது. அடுத்தடுத்த மழையில் அடித்துக்கொண்டு வந்து பள்ளத்தாக்கில் சேர்ந்துவிடும்.

இதற்கு நம் பக்கத்து மாநிலத்திலேயே ஒரு நல்ல உதாரணம் உண்டு. இந்தோனேசியாவின் சுமத்ரா தீவில் உள்ள தோபா எரிமலை சுமார் 74,000 ஆண்டுகளுக்கு முன்பு வெடித்தது. கடந்த இருபது லட்சம் ஆண்டுகளில் நடந்த வெடிப்புகளில் இதுதான் மிகப் பெரியது. அந்தச் சாம்பல் வங்காள விரிகுடாவைத் தாண்டி இந்தியா வரை வந்து விழுந்தது. மத்தியப் பிரதேசத்தின் சோன் ஆற்றுப் பள்ளத்தாக்கிலும், ஆந்திராவில் பழைய கர்னூல் மாவட்டத்தின் ஜுவாலாபுரம் கிராமம் இருக்கும் ஜுர்ரேரு பள்ளத்தாக்கிலும் அதை இன்றும் பார்க்கலாம். ஜுவாலாபுரத்தில் சில இடங்களில் சாம்பல் அடுக்கு 2 மீட்டருக்கும் மேல் கனமாக இருக்கிறது. இதில் வானத்திலிருந்து நேராக விழுந்தது சில சென்டிமீட்டர் மட்டுமே. மீதி எல்லாம் சுற்றியுள்ள சரிவுகளிலிருந்து தண்ணீர் கொண்டுவந்து சேர்த்தது.

பள்ளத்தாக்கில் ஆற்று வண்டலும் வந்து கலப்பதால், ஒரு வயலில் சாம்பல் கனமாகவும் பக்கத்து வயலில் கொஞ்சமாகவும் இருக்கலாம். சில இடங்களில் சாம்பலின் மேல் வண்டல் மூடி, அடுக்கடுக்காகக் கிடக்கும். பள்ளத்தாக்கு மண்ணை வகைப்படுத்துவது சிரமமாக இருப்பதற்கு இதுவே முக்கியக் காரணம்.

சாம்பல் இருந்தால் மட்டும் போதுமா?

போதாது. சாம்பல் முதலில் மக்கி மாற வேண்டும். மழையும் ஈரமும் தாராளமாக உள்ள இடத்தில் கண்ணாடித் துகள் மற்ற பாறைத் துகளை விடச் சீக்கிரமாகக் கரையும். அதிலிருந்து வரும் அலுமினியமும் சிலிக்காவும் சேர்ந்து ‘அலோபேன்’ என்ற கனிமம் உருவாகிறது. இது உள்ளே காலியாக இருக்கும் மிக நுண்ணிய உருண்டை. ஒரு மில்லிமீட்டரை இரண்டு லட்சம் பங்காகப் பிரித்தால் வரும் ஒரு பங்குதான் இதன் குறுக்களவு என்று வைத்துக்கொள்ளுங்கள். உருண்டை இவ்வளவு சிறியதாகவும் உள்ளே வெற்றிடமாகவும் இருப்பதால், ஒரு கைப்பிடி மண்ணுக்குள் ஒளிந்திருக்கும் மேற்பரப்பு மிக மிக அதிகம். எரிமலைச் சாம்பல் மண்ணின் முக்கியக் குணங்களுக்கு அடிப்படை இதுதான்:

• மண் எடை குறைவாக, பொலபொலவென்று இருக்கும்.
• பஞ்சு மாதிரி தண்ணீரைப் பிடித்து வைக்கும்.
• மக்கிய இலை தழையை விடாமல் பிடித்துக்கொள்ளும். அதனால்தான் மேல்மண் கருப்பாக இருக்கும்.
• மணிச்சத்தையும் அப்படியே இறுகப் பிடித்துக்கொள்ளும்.

முதல் மூன்றும் விவசாயிக்கு லாபம். நான்காவதுதான் சிக்கல்.

ஜுர்ரேரு பள்ளத்தாக்கில் என்ன நடந்தது? அங்கே மழை குறைவு, சாம்பலும் புதைந்து கிடக்கிறது. அதனால் 74,000 ஆண்டுகள் ஆகியும் அது கண்ணாடித் துகளாகவே அடையாளம் தெரிகிறது. சாம்பல் இருந்தும் அது ‘எரிமலைச் சாம்பல் மண்’ ஆகவில்லை!

பெயர் வந்த கதை

இந்த மண்ணை உலகம் கவனித்தது ஜப்பானில். 1947-ல் அங்கே மண் ஆய்வு நடத்திய அமெரிக்க ஆய்வாளர்கள் இதற்கு ‘ஆண்டோ மண்’ என்று பெயர் வைத்தார்கள். ஜப்பானிய மொழியில் ‘ஆன்’ என்றால் கருமை, ‘தோ’ என்றால் மண். பார்க்கக் கருப்பாக, வளமாகத் தெரிந்தாலும், மணிச்சத்து உரம் தாராளமாகக் கிடைக்காத காலத்தில் ஜப்பானிய விவசாயிகள் இதில் நல்ல விளைச்சல் எடுக்கச் சிரமப்பட்டார்கள். இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு மணிச்சத்தைப் போதுமான அளவு கொடுக்கத் தொடங்கியதும் அதே நிலம் நல்ல காய்கறி நிலமாக மாறியது.

1978-ல் கை ஸ்மித் என்ற அமெரிக்க மண்ணியலாளர் இந்த மண்ணுக்குத் தனிப் பிரிவு வேண்டும் என்று முன்மொழிந்தார். பல ஆண்டு விவாதத்துக்குப் பிறகு, அமெரிக்க வகைப்பாட்டில் உள்ள 12 பெரும் பிரிவுகளில் ஒன்றாக ‘ஆண்டிசால்’ சேர்ந்தது. சர்வதேச வகைப்பாட்டில் இதன் பெயர் ‘ஆண்டோசால்’. உலக நிலப்பரப்பில் இந்த மண் 1 சதவீதத்துக்கும் குறைவு.

மூன்று தேர்வு, ஒரு சான்றிதழ்

ஒரு மண் ‘ஆண்டிசால்’ என்று பெயர் வாங்க, ஆய்வகத்தில் மூன்று தேர்வுகளில் பாஸ் ஆக வேண்டும்.

1. எடை: ஒரு லிட்டர் இடத்தில் உள்ள மண்ணைக் காய வைத்து எடுத்தால் 900 கிராமுக்கு மேல் இருக்கக் கூடாது. சாதாரண வயல் மண் என்றால் ஒரு கிலோவைத் தாண்டிவிடும்.

2. மணிச்சத்துப் பிடிப்பு: குறிப்பிட்ட அளவு மணிச்சத்துக் கரைசலில் மண்ணைக் கலக்கினால், அதில் உள்ள 100 பங்கில் குறைந்தது 85 பங்கை மண் இழுத்துக்கொள்ள வேண்டும்.

3. அலுமினியம், இரும்பு: ஆக்சலேட் கரைசலில் கரைந்து வரும் அலுமினியத்தோடு, அப்படிக் கரையும் இரும்பில் பாதியைக் கூட்டினால் 2 சதவீதமாவது வர வேண்டும்.

இந்தக் குணங்கள் மேலே உள்ள 60 சென்டிமீட்டர் மண்ணில் மொத்தம் 36 சென்டிமீட்டர் கனத்துக்காவது இருக்க வேண்டும். கரிமச் சத்து 25 சதவீதத்துக்கும் குறைவாக இருக்க வேண்டும் என்ற நிபந்தனையும் உண்டு. கண்ணாடித் துகள் இன்னும் மாறாமல் நிறைய மிச்சமிருக்கும் இளம் மண்ணுக்கு மட்டும் கொஞ்சம் தளர்வான விதி இருக்கிறது.

அப்போ, சாம்பல் கொஞ்சம்தான் கலந்திருக்கிறது என்றால்? அந்த மண் தன் பழைய பிரிவிலேயே இருக்கும். பெயருக்கு முன்னால் ‘ஆண்டிக்’ அல்லது ‘விட்ராண்டிக்’ என்று ஒரு அடைமொழி மட்டும் சேரும். சுமார் 7,700 ஆண்டுகளுக்கு முன்பு வெடித்த மசாமா எரிமலையின் சாம்பல் விழுந்த அமெரிக்காவின் வடமேற்குப் பகுதியில் இப்படி அடைமொழியோடு உள்ள மண் வகைகள் நிறைய உண்டு.

ஒரு விஷயம் கவனித்தீர்களா? அந்த மூன்று தேர்வில் எதிலுமே “பக்கத்தில் எரிமலை இருக்கிறதா?” என்ற கேள்வி இல்லை. நிறம் என்ன என்ற கேள்வியும் இல்லை.

இப்போ ஊட்டிக்கு வருவோம்

நீலகிரியில் சுமார் 2,000 மீட்டருக்கு மேல் உள்ள பகுதி மண்ணைப் பற்றி 2000-ஆம் ஆண்டில் ஒரு ஆய்வுக் கட்டுரை வெளியானது. அங்குள்ள கருமையான மேல்மண் ஆண்டிசாலுக்கான தகுதியைப் பெறுகிறது என்று அது காட்டியது. அங்கே அலோபேன் உருவாகவில்லை. நீண்ட காலம் மக்கிப்போன பழைய பாறை மண்ணில் அலுமினியமும் இரும்பும் நிறைய இருக்கின்றன. மேலே குளிர்ச்சியும் ஈரமும் இருப்பதால் புல், இலை தழை மெதுவாக மக்கி, மட்கு அதிகமாகச் சேருகிறது. இந்த மட்கோடு அலுமினியம் கைகோத்துக்கொள்கிறது. அலோபேன் செய்யும் வேலையை இந்தக் கூட்டணி செய்துவிடுகிறது. அவ்வளவுதான் ரகசியம்!

இதற்காக நீலகிரி மாவட்டம் முழுவதும் இதே மண்தான் என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். உயரம் குறையக் குறைய மண் மாறிவிடும். ஒரே மலையில் மேடும் பள்ளமும் கூட ஒன்றாக இருக்காது.

கரிசல் மண்ணும் எரிமலை மண்தானே?

பலர் கேட்கும் கேள்வி இது. தக்காணப் பீடபூமியின் கரிசலில் பெரும்பகுதி எரிமலைக் குழம்பு இறுகிய பாறையிலிருந்து வந்ததுதான். ஆனால் அது ‘வெர்டிசால்’ என்ற வேறு பிரிவு. கரிசல் கனமானது, காய்ந்தால் வெடிக்கும், நனைந்தால் உப்பும், காலில் அப்பிக்கொள்ளும். ஆண்டிசால் எடை இல்லாதது, பொலபொலப்பானது. இரண்டுமே கருப்புதான், ஆனால் குணம் நேர் எதிர். ஒன்றுக்குச் சொன்ன உர அளவை மற்றதற்குப் போட்டால் நஷ்டம்தான்.

போட்டோ எடுத்தால் மண்ணின் பெயர் தெரியுமா?

மண்ணை போட்டோ எடுத்து ஆப்பில் போட்டால், நிறத்தை வைத்து ஒரு யூகம் கிடைக்கலாம். எடையும் மணிச்சத்துப் பிடிப்பும் போட்டோவில் தெரியாது. ஈரமான மண்ணை விரல்களுக்கு நடுவே வைத்து அழுத்தித் தேய்த்தால் வழுவழுவென்று நழுவுவது, காய்ந்த கட்டி கையில் எடையே இல்லாமல் இருப்பது ஆகியவை ஒரு குறிப்புத்தான். ஆய்வாளர்கள் களத்தில் சோடியம் ஃபுளோரைடு கரைசலை விட்டுப் பார்ப்பார்கள். கரைசலின் கார அமிலத் தன்மை 9.5-ஐத் தொட்டால் சந்தேகம் வலுக்கும். அது நச்சு வேதிப்பொருள், எனவே நீங்களாக முயற்சி செய்ய வேண்டாம்.

நீங்கள் செய்ய வேண்டியது

• மண் மாதிரி எடுங்கள்: ஒரு வயலில் 10 முதல் 15 இடங்களில், மேலே கிடக்கும் குப்பையை ஒதுக்கிவிட்டு, ஆங்கில ‘வி’ வடிவில் 15 சென்டிமீட்டர் ஆழம் வெட்டி எடுங்கள். எல்லாவற்றையும் கலந்து, கால் பங்கிட்டுக் குறைத்து, அரை கிலோ எடுத்து, நிழலில் உலர்த்தி ஆய்வகத்தில் கொடுங்கள். மேட்டு மண்ணையும் பள்ளத்து மண்ணையும் ஒன்றாகக் கலக்காதீர்கள்.

• அட்டையைப் படியுங்கள்: மண்வள அட்டையில் 12 அளவீடுகள் இருக்கும். மணிச்சத்துப் பிடிப்பு அதில் இருக்காது. ஆனால் மண் அமிலத்தன்மையோடு இருந்து, கரிமச் சத்து மிக அதிகமாகவும் கிடைக்கும் மணிச்சத்து குறைவாகவும் இருந்தால், தோட்டக்கலை அலுவலரிடம் “மணிச்சத்து மண்ணில் பூட்டிக்கொள்கிறதா?” என்று நேராகவே கேளுங்கள்.

• உரத்தைத் தூவாதீர்கள்: மணிச்சத்தை வயல் முழுக்கத் தூவினால் அதிக மண்ணில் பட்டு அதிகம் பூட்டிக்கொள்ளும். வேருக்குப் பக்கத்தில் வரிசையாக வையுங்கள். தொழு உரம், பாஸ்போபாக்டீரியா சேர்ப்பது உதவும். சுண்ணாம்பு போடுவதாக இருந்தால் பரிசோதனை முடிவில் சொன்ன அளவு மட்டும் போடுங்கள்.

• மண்ணைக் காய விடாதீர்கள்: இந்த வகை மண் ஒருமுறை முழுக்கக் காய்ந்துவிட்டால், பிறகு எவ்வளவு நனைத்தாலும் பழையபடி தண்ணீரைப் பிடிக்காது. பொடிப்பொடியாகிச் சரிவில் ஓடிவிடும். அறுவடைக்கும் அடுத்த நடவுக்கும் நடுவே நிலத்தை வெறுமையாக விடாமல் மூடாக்குப் போடுங்கள். உழவு சரிவுக்குக் குறுக்கே இருக்கட்டும்.

மலைமேல் உள்ள மண் தண்ணீரைப் பிடித்து மெதுவாக விடுவதால்தான் மழை நின்ற பிறகும் கீழே பள்ளத்தாக்கில் ஓடை ஓடுகிறது. மேலே மண் காய்ந்து கழுவிப் போனால், விவசாயியின் உரச் செலவோடு கீழே இருப்பவரின் குடிநீருக்கும் சேர்த்துத்தான் நஷ்டம்.

உங்கள் சர்வே எண்ணுக்கு ஏற்கெனவே மண் பரிசோதனை விவரம் இருக்கிறதா என்று ‘தமிழ் மண்வளம்’ இணையதளத்தில் பாருங்கள். இல்லையென்றால், அடுத்த உர மூட்டை வாங்குவதற்கு முன்பே அரை கிலோ மண்ணை ஆய்வகத்துக்குக் கொண்டு போங்க!