கர்ப்பிணிகளின் புகையிலைப் பழக்கம்: கைப்பேசி கைகொடுக்குமா?

இந்தியாவில் கைப்பேசியின் காலம் தொடங்கியது கொல்கத்தாவில்தான். 1995 ஜூலை 31-ஆம் தேதி மேற்கு வங்க முதல்வர் ஜோதிபாசு, ரைட்டர்ஸ் கட்டடத்திலிருந்து தில்லியிலிருந்த மத்திய தொலைத்தொடர்பு அமைச்சர் சுக்ராமுடன் பேசினார். அக்கருவி இன்று புகையிலையைக் கைவிடவும் துணைபுரிகிறது. ஆனால், வங்கத்துக் கர்ப்பிணிகளுக்கு அது எந்த அளவுக்குப் பயன்படும் என்பதே கேள்வி.

2016 ஜனவரியில் மத்திய சுகாதார அமைச்சகம், குறுஞ்செய்தி மூலம் புகையிலைப் பழக்கத்தை நிறுத்த உதவும் திட்டத்தைத் தொடங்கியது. 'மிஸ்டு கால்' கொடுத்துப் பதிவு செய்துகொண்டால் ஊக்கமூட்டும் செய்திகள் வரும். அதே ஆண்டில், தில்லி வல்லபபாய் படேல் மார்பு நோய் நிறுவனத்தில் 1800-11-2356 என்ற கட்டணமில்லா ஆலோசனைச் சேவையும் தொடங்கப்பட்டது.

இம்முறைக்குப் பலன் உண்டு. பிரிட்டனில் சுமார் 5,800 பேரிடம் நடத்தப்பட்டு 2011-இல் வெளியான ஆய்வில், இத்தகைய குறுஞ்செய்திகளைப் பெற்றவர்களில் 10.7 சதவீதத்தினர் ஆறு மாதங்கள் புகைக்காமல் இருந்தனர். மற்றவர்களில் இது 4.9 சதவீதமே.

எனினும், இந்தியப் பெண்களிடையே பெரும் சிக்கல் சிகரெட் அல்ல. 2016-17-ஆம் ஆண்டு தேசிய கணக்கெடுப்பின்படி, வயது வந்த பெண்களில் புகைப்பவர்கள் 2 சதவீதம். புகையற்ற புகையிலையைப் பயன்படுத்துவோர் 12.8 சதவீதம். வங்கத்தில் வெற்றிலையோடு சேரும் ஜர்தாவும், கைனியும், பல் துலக்கும் 'குல்' பொடியும் பழக்கத்தில் உள்ளவை. புகை இல்லையென்றால் தீங்கும் இல்லை என்று கருதுவது தவறு. மும்பையில் 1,217 கர்ப்பிணிகளிடம் நடத்தப்பட்டு 2004-இல் வெளியான ஆய்வில், புகையற்ற புகையிலையைப் பயன்படுத்திய தாய்மார்களின் குழந்தைகள் சராசரியாக 105 கிராம் எடை குறைந்து பிறந்தது தெரியவந்தது. குறைப்பிரசவமும் அவர்களிடையே அதிகமாக இருந்தது.

இன்னொரு தடை, கைப்பேசி யார் கையில் இருக்கிறது என்பது. 2019-21-ஆம் ஆண்டு தேசிய குடும்ப நல ஆய்வின்படி, நாட்டில் 15 முதல் 49 வயது வரையிலான பெண்களில் சுமார் 54 சதவீதத்தினரிடமே தாமே பயன்படுத்தும் கைப்பேசி இருந்தது. மற்றவர்களுக்கான செய்தி கணவர் கைக்கோ மாமியார் கைக்கோதான் போய்ச் சேரும். பழக்கத்தை மறைத்து வாழும் பெண் அதற்கு அஞ்சிப் பதிவு செய்யவே தயங்குவார். எழுத்தறியாதவருக்கோ குறுஞ்செய்தியே பயனற்றது.

தீர்வுக்கான கூறுகள் அரசின் கைவசமே உள்ளன. கர்ப்பிணிகளுக்கு வாரந்தோறும் குரல்வழி ஆலோசனை வழங்கும் 'கில்காரி' திட்டமும் 2016-இல் தொடங்கப்பட்டதே. வங்க மொழிக் குரல் அழைப்பில் ஜர்தா, கைனி, குல் ஆகியவற்றைப் பெயர் சொல்லி எச்சரிக்க வேண்டும். பேறுகாலப் பரிசோதனைக்கு வரும் பெண்ணிடம் சுகாதாரப் பணியாளர், "புகைப்பீர்களா?" என்பதோடு நிறுத்தாமல் இவற்றையும் தனிமையில் கேட்க வேண்டும். அக்கேள்வி கேட்கப்படாத வரை, தில்லியிலிருந்து எத்தனை செய்திகள் அனுப்பினாலும் உரியவரைச் சென்றடையாது.