இரைச் சுண்டெலி வளர்ப்பு

இரைச் சுண்டெலி வளர்ப்பு என்பது பாம்பு, பெரிய பல்லியினங்கள், ஆந்தை, பருந்து போன்ற ஊனுண்ணிகளுக்கு உணவாகக் கொடுப்பதற்காகச் சுண்டெலிகளைக் கூண்டில் வைத்துப் பெருக்குவதாகும். இதற்குப் பயன்படுவது வீட்டுச் சுண்டெலியின் (மஸ் மஸ்குலஸ்) பழக்கப்படுத்தப்பட்ட வகையாகும். பெரும்பாலும் இவை வெள்ளை நிறமும் சிவந்த கண்களும் உடையவை. அமெரிக்கா, பிரித்தானியா முதலிய நாடுகளில் பாம்பு வளர்ப்போர் இவற்றைப் பண்ணைகளிலிருந்து உறைந்த நிலையில் வாங்குகின்றனர். சிலர் வீட்டிலேயே வளர்க்கின்றனர்.

இந்த எலிகள் கொல்லப்படுவதற்காகவே வளர்க்கப்படுகின்றன. ஆனாலும் அவை வாழும் காலத்தில் நல்ல இடமும் உணவும் பெறவேண்டும், சாகும்போது வலியின்றிச் சாகவேண்டும் என்பது இவ்வளர்ப்பின் அடிப்படை நெறி. நோயுற்ற எலியைத் தின்னும் பாம்புக்கும், அதைக் கையாளும் மனிதருக்கும் தீங்கு நேரலாம் என்பதால், இந்நெறி இரக்கத்தின் பாற்பட்டது மட்டுமன்று.

வரலாறு

சுண்டெலிகளைச் செல்லப் பிராணிகளாக வளர்க்கும் வழக்கம் சீனாவிலும் சப்பானிலும் நெடுங்காலமாக இருந்து வந்தது. அங்கிருந்து அது ஐரோப்பாவுக்குப் பரவியது. பிரித்தானியாவில் 1895 ஆம் ஆண்டில் தேசியச் சுண்டெலிக் கழகம் தொடங்கப்பட்டது.

அமெரிக்காவில் ஆபி லாத்ரோப் (1868–1918) என்ற பெண்மணி இத்துறையில் குறிப்பிடத்தக்கவர். பள்ளி ஆசிரியையாக இருந்த அவர், உடல்நலக் குறைவால் பணியை விட்டார். மாசச்சூசெட்ஸ் மாநிலத்தின் கிரான்பி என்னும் ஊரில் கோழி வளர்த்துப் பார்த்தார், அது கைகொடுக்கவில்லை. பின்னர் சுண்டெலிகளை வளர்த்து விற்கத் தொடங்கினார். செல்லப் பிராணியாக விற்கத் தொடங்கிய எலிகளை ஆய்வாளர்கள் வாங்கலாயினர். ஒவ்வோர் எலியின் பரம்பரையையும் அவர் குறிப்பேட்டில் எழுதி வைத்தார். இன்று உலகெங்கும் ஆய்வகங்களில் பயன்படும் சி57பிஎல் என்னும் புகழ்பெற்ற வகை, அவரது பண்ணையிலிருந்து வந்த எலிகளின் வழித்தோன்றலே. வீட்டில் எலி வளர்ப்போருக்கும் குறிப்பேடு இன்றியமையாத கருவி என்பதற்கு இது நல்ல சான்று.

உயிரியல் அடிப்படை

வளர்ந்த சுண்டெலி பொதுவாக 20 முதல் 40 கிராம் வரை எடையுள்ளது. ஆயுள் சுமார் 2 ஆண்டுகள். இனப்பெருக்கம் தொடர்பான முக்கிய அளவுகள் வருமாறு:

- பருவமடையும் வயது: சுமார் 6 வாரம், சில எலிகள் 5 வாரத்திலேயே பருவமடையும்
- பெண்ணெலியின் சினைச் சுழற்சி: 4 முதல் 5 நாள்களுக்கு ஒருமுறை
- கருக்காலம்: 19 முதல் 21 நாள்
- ஒரு ஈற்றில் குட்டிகள்: வழக்கமாக 6 முதல் 8, சிலவற்றில் 12 வரை
- பால் மறக்கும் வயது: 21 நாள்

குட்டி ஈன்ற 24 மணி நேரத்திற்குள் பெண்ணெலி மீண்டும் சினைக்கு வரும். ஆண் உடனிருந்தால் அப்போதே கருத்தரிக்கும். ஒருபுறம் பாலூட்டிக்கொண்டே மறுபுறம் அடுத்த ஈற்றைச் சுமக்கும். இவ்வாறு பாலூட்டும் காலத்தில் அமையும் கருக்காலம் சில நாள்கள் நீளக்கூடும்.

மணம் இவ்வினத்தின் வாழ்வை ஆள்கிறது. கருவுற்று ஓரிரு நாள்களே ஆன பெண்ணெலி, முன்பின் அறியாத ஆணின் மணத்தை நுகர்ந்தால் அக்கரு தங்காமல் போகலாம். இதனை இல்டா புரூசு என்னும் ஆய்வாளர் 1959 இல் வெளியிட்டார். அவர் பெயரால் இது புரூசு விளைவு எனப்படுகிறது. கூண்டுக்குக் கூண்டு ஆணெலியை அடிக்கடி மாற்றக் கூடாது என்பதற்கு இதுவே காரணம்.

கூண்டு

வீட்டு வளர்ப்பில் கண்ணாடித் தொட்டி, தடித்த நெகிழிப் பெட்டி ஆகியவை பயன்படுகின்றன. கூண்டுக்கு மூன்று இயல்புகள் தேவை.

முதலாவது, தப்ப முடியாமை. சுண்டெலியின் தலை நுழையும் இடத்தில் உடலும் நுழைந்துவிடும். ஆகவே கம்பி வலையின் கண் 6 மில்லிமீட்டருக்கு மேல் இருத்தலாகாது. எலியின் வெட்டுப்பற்கள் வாழ்நாள் முழுதும் வளர்பவை. எதையேனும் கொறித்துக்கொண்டே இருக்கும். நெகிழிப் பெட்டியின் விளிம்பும் காற்றுத் துளைகளும் முதலில் கொறிபடும். துளைகளை உள்பக்கம் உலோக வலையால் மூடுவது வழக்கம்.

இரண்டாவது, காற்றோட்டம். சிறுநீரிலுள்ள யூரியாவை நுண்ணுயிர்கள் அம்மோனியாவாக மாற்றுகின்றன. காற்றோட்டமில்லாத பெட்டியில் அம்மோனியா தேங்கி மூச்சுக்குழலைப் புண்ணாக்கும். மைக்கோபிளாசுமா போன்ற சுவாச நோய்க்கிருமிகள் பற்றுவதற்கு இது வழி வகுக்கும். மூடியைத் திறந்தவுடன் மூக்கில் நெடி ஏறினால், எலிகள் அதைவிடக் கடுமையான காற்றில் வாழ்ந்துகொண்டிருக்கின்றன என்று பொருள். ஏனெனில் அவற்றின் மூக்கு படுக்கையை ஒட்டியே இருக்கிறது.

மூன்றாவது, திடமான தரை. கம்பித் தரை பாதங்களைப் புண்படுத்தும். குட்டிகளுக்கு அதில் கதகதப்பும் கிடைக்காது.

தரையில் ஈரத்தை உறிஞ்சும் படுக்கை பரப்பப்படுகிறது. காகிதத் துகள், ஆசுப்பன் மரச் சீவல் ஆகியவை ஏற்றவை. தேவதாரு, பைன் மரச் சீவல்களில் உள்ள நறுமண எண்ணெய்கள் எலியின் ஈரலைப் பாதிப்பதால் அவை தவிர்க்கப்படுகின்றன. கூடு கட்டிக்கொள்ளக் கிழித்த மெல்லிய தாள் போதும். ஒவ்வொரு கூண்டிலும் ஒளிந்துகொள்ள ஒரு சிறு பெட்டியோ அட்டைக் குழாயோ இருத்தல் நன்று.

வாரம் ஒருமுறை படுக்கை மாற்றப்படுகிறது. அப்போது பழைய கூட்டுத் தாளில் ஒரு பிடியைப் புதிய படுக்கையில் சேர்த்தால், தம் மணம் இருப்பதால் எலிகள் அமைதியடையும். குட்டி ஈன்ற முதல் சில நாள்களில் கூட்டைக் கலைக்காதிருப்பது நலம்.

வெப்பநிலை 20 முதல் 26 பாகை செல்சியசு வரை இருப்பது உகந்தது. சுண்டெலிகள் வியர்வையால் உடலைக் குளிரவைத்துக்கொள்ள இயலாதவை. 30 பாகைக்கு மேல் அவற்றுக்கு இன்னல் தொடங்கும், ஈற்று குறையும், மூடிய பெட்டியில் இறப்பும் நேரும். வெயில் படும் சன்னல் ஓரத்திலும் தகரக் கூரையின் கீழும் கூண்டு வைக்கக் கூடாது.

உணவும் நீரும்

வளர்ந்த சுண்டெலி நாளொன்றுக்கு 3 முதல் 5 கிராம் உணவும் 4 முதல் 6 மில்லிலீட்டர் நீரும் கொள்ளும். பாலூட்டும் தாய்க்கு இவை பன்மடங்கு தேவைப்படும். ஆய்வக எலிகளுக்கென்று தயாரிக்கப்படும் தீவன வில்லைகளே முழுமையான உணவு. இனப்பெருக்கம் செய்யும் எலிகளுக்கான தீவனத்தில் சுமார் 20 விழுக்காடு புரதம் இருக்கும். வெறும் தானியமும் சூரியகாந்தி விதையும் கொடுத்தால், எலி கொழுப்பு மிகுந்த விதையையே பொறுக்கித் தின்று பருத்துவிடும். எலி தின்றதே பாம்பின் உடலிலும் சேர்வதால், மலிவான தீவனம் இறுதியில் பாம்பின் உணவையும் மலிவாக்கிவிடுகிறது.

நீர், உருண்டை முனையுள்ள புட்டியிலிருந்து கொடுக்கப்படுகிறது. புட்டியின் முனை அடைத்துக்கொள்வதும், படுக்கையில் உரசி நீர் முழுதும் ஒழுகிவிடுவதும் அடிக்கடி நேர்பவை. தாய் எலி குட்டிகளைத் தின்பதற்கு நீர்ப் பற்றாக்குறையும் ஒரு காரணமாகும். எனவே புட்டியில் நீர் இருக்கிறதா என்று பார்ப்பது போதாது. முனையை விரலால் தொட்டு நீர் வருகிறதா என்று நாள்தோறும் பார்க்கவேண்டும்.

இனப்பெருக்கக் குழு

ஓர் ஆணும் 2 முதல் 4 வரை பெண்களும் கொண்ட குழு ஏற்றது. வளர்ந்த இரண்டு ஆண்களைப் பெண்களுடன் சேர்த்து வைத்தால் கடும் சண்டை மூளும். ஒரே கூண்டில் ஈன்ற பெண்ணெலிகள் குட்டிகளை ஒரே கூட்டில் சேர்த்து மாறி மாறிப் பாலூட்டும். இதனால் ஒரு தாய்க்குப் பால் குறைந்தாலும் குட்டிகள் பிழைக்கும்.

பெண்ணெலியைச் சுமார் 8 வார வயதில் இணை சேர்ப்பதும், 8 முதல் 10 மாத வயதில் ஓய்வு கொடுப்பதும் வழக்கம். தொடர் ஈற்றால் மெலிந்த பெண்ணை இடையிலேயே ஆணிடமிருந்து பிரித்து வைக்கவேண்டும்.

21 ஆம் நாளில் குட்டிகளைத் தாயிடமிருந்து பிரித்து, ஆண் பெண் தனித்தனியே வைக்கவேண்டும். ஆண் குட்டிகளில் பிறப்புறுப்புக்கும் குதத்துக்கும் இடையிலான தொலைவு அதிகம். சுமார் 10 ஆம் நாளில், மயிர் அடர்த்தியாகுமுன், பெண் குட்டிகளின் வயிற்றில் முலைக்காம்புகள் புள்ளிகளாகத் தெரியும். இனம் பிரிக்க அதுவே எளிய நேரம்.

குட்டிகளின் வளர்ச்சியும் இரைப் பருவங்களும்

வணிகத்தில் இரை எலிகள் பருவத்தைக் கொண்டு பெயரிடப்படுகின்றன.

- பிங்கி: பிறந்து 4 நாள் வரை. மயிரற்ற இளஞ்சிவப்பு உடல், கண் மூடியிருக்கும். பிறந்த குட்டியின் எடை 1 முதல் 1.5 கிராம்.
- ஃபஸ்ஸி: சுமார் 5 முதல் 12 நாள். மயிர் முளைக்கும் பருவம்.
- ஹாப்பர்: சுமார் 2 முதல் 3 வாரம். கண் திறந்து துள்ளி ஓடும் பருவம். கண் 12 முதல் 14 நாளில் திறக்கும்.
- வளர்ந்த எலி: பால் மறந்து உடல் எடை கூடியவை.

பாம்பின் உடலில் மிகத் தடித்த பகுதியின் அளவே இரையின் தடிப்பும் இருக்கவேண்டும் என்பது பொதுவான வழிகாட்டல். பிங்கிகளின் எலும்பு முற்றாததால் அவற்றில் கால்சியம் குறைவு. வளர்ந்த ஊனுண்ணிகளுக்கு அவற்றை மட்டுமே கொடுத்து வருவது நல்லதன்று.

எண்ணிக்கைக் கணக்கு

இவ்வளர்ப்பைத் தொடங்குமுன் செய்யவேண்டிய கணக்கு ஒன்று உண்டு. வாரம் ஓர் எலி தின்னும் பாம்புக்கு ஆண்டுக்கு 52 எலிகள் தேவை. ஓர் ஆணும் இரண்டு பெண்களும் கொண்ட குழுவில், ஒவ்வொரு பெண்ணும் மாதம் 6 குட்டிகள் வளர்த்தாலும் மாதம் 12 கிடைக்கும், ஆண்டுக்கு 144. ஆக மிகச் சிறிய குழுவே இரண்டு பாம்புகளின் தேவையைத் தாண்டிவிடுகிறது.

பிரித்து வைக்காவிட்டால் நிலைமை வேறு. ஓர் இணையில் தொடங்கி, 4 வாரத்துக்கு ஓர் ஈற்று, ஈற்றுக்கு 6 குட்டி, அவற்றில் பாதி பெண் என்று வைத்துக்கொள்வோம். மூன்று மாதத்திற்குள் தாய் மூன்று முறை ஈன்று 18 குட்டிகள் தரும். முதல் ஈற்றின் 3 பெண்கள் அதற்குள் பருவமடைந்து தலா 6 குட்டிகளாக மேலும் 18 தரும். இரண்டாக இருந்தவை 38 ஆகிவிடும். கூண்டின் இடமோ தீவனமோ அதற்கேற்ப வளர்வதில்லை. நெருக்கடி, சண்டை, நோய் என்று துன்பப்படுபவை எலிகளே. ஓரிரு பாம்பு மட்டும் வைத்திருப்போருக்கு உறைந்த எலிகளை வாங்குவதே செலவும் துன்பமும் குறைந்த வழியாகும்.

கொல்லுதலும் சேமித்தலும்

உயிருள்ள எலியைப் பாம்பின் கூண்டில் விடுவது இரண்டு உயிர்களுக்கும் கேடு. எலி அஞ்சித் துன்புறும். பசியில்லாத பாம்புடன் விடப்பட்ட எலி, அதைக் கடித்துக் குதறிய நிகழ்வுகளும் உண்டு. ஆகவே முன்கூட்டியே வலியின்றிக் கொன்ற எலியைக் கொடுப்பதையே கால்நடை மருத்துவர்கள் பரிந்துரைக்கின்றனர்.

அமெரிக்கக் கால்நடை மருத்துவச் சங்கத்தின் 2020 ஆம் ஆண்டு வழிகாட்டியின்படி, கார்பன் டை ஆக்சைடைப் பயன்படுத்தினால் நிமிடத்திற்குப் பெட்டியின் கொள்ளளவில் 30 முதல் 70 விழுக்காடு என்ற அளவில் படிப்படியாகச் செலுத்தவேண்டும். இதற்கு உருளையும் அளவுக் கருவியும் தேவை. சமையல் சோடாவையும் வினிகரையும் கலந்து வாயு உண்டாக்கும் வீட்டு முறையில் வேகத்தைக் கட்டுப்படுத்த முடியாது. பிறந்த குட்டிகள் ஆக்சிசன் குறைவைத் தாங்கக்கூடியவை என்பதால், அவற்றுக்கு இம்முறையில் நெடுநேரம் ஆகும். உணர்வுள்ள எலியை உறைபெட்டியில் வைத்துக் கொல்வது கொடுமை. முறையாகப் பயிற்சி பெறாதவர் ஒரு கால்நடை மருத்துவரிடம் நேரில் கற்றுக்கொள்ளவேண்டும்.

கொன்றபின் காற்றுப் புகாத பையில் நாளைக் குறித்து உறையவைக்கின்றனர். கொடுக்குமுன் குளிர்பெட்டியின் கீழ்த்தட்டில் வைத்து உருகவிட்டு, பின்னர் வெதுவெதுப்பான நீரில் சூடேற்றுகின்றனர். உருகியதை மீண்டும் உறையவைக்கக் கூடாது.

மனிதர் பாதுகாப்பு

உறையவைப்பதால் சால்மோனெல்லா கிருமி அழிவதில்லை. 2010 ஆம் ஆண்டில் அமெரிக்காவில், சால்மோனெல்லா நோய்ப் பரவலுக்குப் பின் உறைந்த இரை எலிகள் சந்தையிலிருந்து திரும்பப் பெறப்பட்டன. எனவே மனிதர் உணவு வைக்கும் உறைபெட்டி, சமையலறைத் தொட்டி, நுண்ணலை அடுப்பு ஆகியவற்றை இதற்குப் பயன்படுத்தலாகாது. எலியையோ கூண்டையோ தொட்டபின் சோப்பிட்டுக் கை கழுவவேண்டும். 5 வயதுக்கு உட்பட்ட குழந்தைகளை இவ்வேலையில் ஈடுபடுத்தக் கூடாது.

எல்சிஎம்வி எனப்படும் தீநுண்மம் சுண்டெலியின் சிறுநீர், எச்சில், எச்சம் வழியாக மனிதருக்குத் தொற்றும். கருவிலேயே இத்தொற்றைப் பெற்ற எலி, நோய்க்குறி ஏதும் காட்டாமல் வாழ்நாள் முழுதும் அதைப் பரப்பும். மனிதரில் காய்ச்சலும் மூளையுறை அழற்சியும் உண்டாகலாம். கருவுற்ற பெண்ணுக்குத் தொற்றினால் கரு சிதையலாம், அல்லது குழந்தையின் மூளையும் கண்ணும் பாதிக்கப்படலாம். ஆகவே கருவுற்ற பெண்கள் எலிக் கூண்டுள்ள அறையைத் தவிர்க்கவேண்டும். வீட்டில் திரியும் எலிகள் கூண்டை அண்டாமலும் பார்த்துக்கொள்ளவேண்டும். எலிச் சிறுநீரிலுள்ள புரதம் சிலருக்கு ஒவ்வாமையும் ஆசுத்துமாவும் உண்டாக்கும். தூசு பறக்கும் வேலைகளில் முகக்கவசம் அணிவது நன்று.

இந்தியச் சட்டம்

இந்தியாவில் 1972 ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின்படி, நாட்டுப் பாம்புகளைப் பிடிப்பதும் வீட்டில் வளர்ப்பதும் குற்றம். இரை எலி கையில் இருப்பதால் நல்ல பாம்பையோ சாரைப் பாம்பையோ வளர்த்துவிட முடியாது. 1960 ஆம் ஆண்டின் விலங்குவதைத் தடுப்புச் சட்டம், கேளிக்கைக்காக ஒரு விலங்கை மற்றொரு விலங்குக்கு இரையாக்க அடைத்து வைப்பதைக் குற்றமாக்குகிறது. பாம்பு எலியைப் பிடிப்பதைக் காட்சியாகக் காட்டுவோர் இப்பிரிவை நினைவில் கொள்ளவேண்டும்.