துறையெண் பங்கீடும் அதனைச் சோதிக்கும் நெறியும்

மென்பொருள் இயற்றுவோர் தம் செய்நிரல் பிழையின்றி இயங்குகின்றதா என அறிதற்பொருட்டுச் சோதனை நிரல்களையும் எழுதுவர். மாணாக்கரின் விடையைப் பரீட்சகர் ஆராய்தல் போல, ஒரு நிரலை மற்றொரு நிரல் ஆராய்கின்றது. ஆயின், பரீட்சகரே தவறிழைப்பாராயின் பரீட்சையின் பயன் யாதாகும்? இது வெறுந் தருக்கவினா அன்று. வலையமைப்பு மென்பொருள்களைச் சோதிக்குங்கால், துறையெண்களைப் பங்கிட்டளிக்கும் ஒரு சிறு கருவியிலுள்ள பிழையினாற் குற்றமற்ற நிரல்களுங் குற்றமுடையனபோலத் தோன்றுதல் உண்டு. அக்கருவியின் இயல்பையும் அதனைச் சோதிக்கும் நெறியையும் விளக்குதலே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

முதற்கண் துறையெண் யாதென நோக்குவோம். வலையமைப்பிலுள்ள ஒரு கணினியை அதன் ஐ.பி. முகவரி சுட்டும். ஆனால், அவ்வொரு கணினியிலே ஒரே வேளையிற் பல நிரல்கள் செய்தியை எதிர்நோக்கி நிற்கும். வந்த செய்தி எந்நிரலுக்கு உரியது என்பதைக் காட்டுவதே துறையெண். முகவரி வீட்டைக் காட்ட, துறையெண் அவ்வீட்டின் அறையைக் காட்டுகின்றது எனலாம். இவ்வெண் 16 இரும இலக்கங்களால் ஆயது. ஆதலின் 0 முதல் 65535 வரை 65,536 எண்களே உள. இவற்றுள் 0 முதல் 1023 வரையுள்ளவை பெயர்பெற்ற சேவைகளுக்கென வகுக்கப்பட்டவை. இணையப் பக்கங்களுக்கு 80, மறைகுறியாக்கப்பட்ட பக்கங்களுக்கு 443, மின்னஞ்சற் பரிமாற்றத்துக்கு 25 என்பன இவ்வகையின. 1024 முதல் 49151 வரையுள்ளவை பதிவுசெய்து பெறத்தக்கவை. எஞ்சியவை எவர்க்கும் உரிமையாக்கப்படாது தற்காலிகப் பயனுக்கு விடப்பட்டுள்ளன. பொதுவாக, ஒரு முகவரியில் ஒரு துறையெண்ணை ஒரு நேரத்தில் ஒரு செயன்முறையே, அஃதாவது இயங்கிக்கொண்டிருக்கும் ஒரு நிரலே, பற்றி நிற்கலாம். பிறிதொன்று அதனைக் கேட்பின் பணிசெயல் முறைமை மறுத்துவிடும்.

இம்மறுப்பிலிருந்தே நாம் எடுத்துக்கொண்ட இடர் பிறக்கின்றது. ஒரு சோதனை, தான் தொடக்கும் சேவையகத்துக்கு 8080 என்னும் எண்ணை நிலையாகக் கொண்டதென வைத்துக்கொள்வோம். தனித்து இயங்கும்போது அது வெற்றி பெறும். காலத்தைச் சுருக்கக் கருதிப் பல சோதனைகளை ஒருங்கே ஓடவிடும்போது, அதே எண்ணைக் கேட்கும் இரண்டாஞ் சோதனை தோல்வியுறும். எனவே, கேட்பவர்க்குக் கேட்கும்போதெல்லாம் வெற்றெண் ஒன்றைத் தேடிக் கொடுக்கும் பங்கீட்டுக் கருவி வேண்டப்பட்டது.

தேடும் வழிகளுள் எளியது பணிசெயல் முறைமையையே கேட்டலாகும். துறையெண் 0 எனக் குறித்துக் கேட்பின், அது தன் விருப்பின்படி வெற்றெண் ஒன்றை அளிக்கும். கேட்ட நிரலே அவ்வெண்ணைத் தொடர்ந்து பற்றி நிற்குமாயின் இதனினும் சிறந்த வழி வேறில்லை. ஆனால், எண்ணை முன்னரே அறிந்து பிறிதொரு நிரலுக்குக் கட்டளையாகக் கொடுக்கவேண்டிய இடங்கள் பல. அப்போது முதல் நிரல் எண்ணைப் பெற்று, உடனே கைவிட்டு, இரண்டாவதற்கு அறிவிக்கின்றது. கைவிட்ட கணத்துக்கும் மற்றையது பற்றும் கணத்துக்கும் இடையே மூன்றாம் நிரலொன்று அதனைக் கைப்பற்றிவிடலாம். புகையிரத மேடையில் நிற்பவர் சாளரத்தினூடே வெற்றிருக்கையைக் கண்டு, வாயிலைச் சுற்றி உள்ளே வருமுன் பிறரொருவர் அதில் அமர்ந்துவிடுதல் போன்றதே இது. அவர் கண்டது பொய்யன்று. கண்டமை உரிமையாகாது என்பதே உண்மை.

இவ்வுண்மையை ஒரு மெய்யான கருவியைக்கொண்டு விளக்குவாம். கூகிள் நிறுவனத்தார் பைதன் மொழியில் எழுதித் திறந்த மூலமாக வெளியிட்ட போட்பிக்கர் என்னும் நிரற்றொகுதி இப்பணிக்கெனவே ஆயது. துணையின்றித் தனித்து இயங்கும்போது, அது 15000 முதல் 24999 வரையுள்ள பதினாயிரம் எண்களுள் ஒன்றை எழுமானமாக எடுத்து, ரீ.சி.பி., யூ.டி.பி. என்னும் இரு நெறிமுறைகளிலும் அது வெறிதாக உள்ளதா எனப் பற்றிப் பார்த்து, விடுத்து, எண்ணை அறிவிக்கும். பதினாயிரம் எண்கள் இருக்க மோதல் நேருமோ என ஐயுறுவார் கணக்கிட்டுப் பார்ப்பாராக. இருபது செயன்முறைகள் ஒருங்கே எழுமானமாக எடுப்பின், அவற்றுள் 190 இணைகள் உள. ஒவ்வோர் இணையும் ஒரே எண்ணை எடுக்கும் நிகழ்தகவு பதினாயிரத்தில் ஒன்று. ஆகவே யாதேனும் ஓரிணை மோதும் நிகழ்தகவு நூற்றுக்கு ஏறத்தாழ இரண்டாகும். செயன்முறைகள் 120 ஆயின் அது பாதியையும் விஞ்சும். நாடோறும் பன்முறை ஓடுஞ் சோதனைகளில் நூற்றுக்கு இரண்டென்பது சிறிதன்று.

ஆதலின், அத்தொகுதியிலே துறையெண்களை வழங்கும் சேவையகமொன்றுஞ் சேர்க்கப்பட்டுள்ளது. சோதனைகள் தாமே தேடாது, தம் செயன்முறை எண்ணைக் கூறி அதனிடங் கேட்கும். அது ஒரே பதிவேட்டை வைத்துக்கொண்டு, இன்ன எண் இன்ன செயன்முறைக்கு எனப் பதிந்து வழங்கும். பெற்ற செயன்முறை முடிவெய்தியபின் அவ்வெண் மீண்டும் வழங்கத்தக்கதாகும். ஈண்டு நுண்ணியதொரு செய்தி உண்டு. முடிந்துபோன செயன்முறையின் எண்ணைப் பணிசெயல் முறைமை பின்னர்ப் புதிய செயன்முறைக்குச் சூட்டுதல் கூடும். எண்ணை மட்டும் நோக்கின், மாண்டவர் இன்னும் வாழ்கின்றார் என மயங்க நேரிடும். இதனைத் தவிர்க்கவே செயன்முறை தொடங்கிய நேரமும் உடன் பதியப்பட்டு ஒப்புநோக்கப்படுகின்றது.

இனி, இத்தகைய கருவியை எவ்வாறு சோதித்தல் தகும்? ஓரெண்ணைக் கேட்டு, கிடைத்தமை கண்டு மகிழ்தல் சோதனையாகாது. பிழையுள்ள கருவியும் அதில் எளிதிற் சித்தியெய்தும். முதலாவதாக, ஓரெண்ணைச் சோதனையே வேண்டுமென்று முன்னரே பற்றி நின்று, கருவி அதனை விலக்குகின்றதா எனக் காணல் வேண்டும். இரண்டாவதாக, எல்லையைச் சுருக்கி ஐந்து எண்களையே கொடுத்து ஆறுமுறை கேட்டல் வேண்டும். ஆறாவது முறை அது இல்லையெனத் தெளிவாகக் கூறவேண்டுமேயன்றி, முடிவின்றித் தேடிக்கொண்டிருத்தலோ கொடுத்ததை மீண்டுங் கொடுத்தலோ கூடாது. மூன்றாவதாக, எண்ணைப் பெற்ற செயன்முறையொன்றை வலிந்து முடித்து, எண் மீளுகின்றதா எனப் பார்த்தல் வேண்டும். நான்காவதாக, பல செயன்முறைகளை ஒரு தடையிலே நிறுத்தி, ஒரே கணத்தில் அவிழ்த்துவிட்டு, பெற்ற எண்களைத் திரட்டி, இரட்டித்தவை உளவோ என எண்ணல் வேண்டும்.

இந்நான்கிலும் சித்தியெய்தியபின்னும் ஒரு கடமை எஞ்சியுள்ளது. கருவியிற் பதிவேட்டைக் காக்கும் பூட்டை வேண்டுமென்றே நீக்கிவிட்டு, நான்காஞ் சோதனையை மீண்டும் ஓட்டுக. அப்போதும் அது சித்தியெனக் கூறுமாயின், அச்சோதனை எதனையுஞ் சோதிக்கவில்லை என்பது வெளிப்படை. தோற்கவேண்டிய இடத்தில் தோற்கத் தெரியாத சோதனையின் வெற்றியை எவரும் நம்புதற்கில்லை.

பதிவேட்டு முறைக்கும் எல்லை உண்டு. அது கேட்போரிடையே உள்ள உடன்படிக்கை மட்டுமே; கேளாது நுழையும் நிரலை அது தடுக்கமாட்டாது. லினக்சு முறைமை புறஞ்செல்லுந் தொடர்புகளுக்கு இயல்பாக 32768 முதல் 60999 வரையுள்ள எண்களைத் தானே எடுத்தாளும். எனவே, பங்கீட்டு எல்லை இதற்குப் புறம்பாக அமைதல் நன்று. ஒவ்வொரு சோதனைக்குந் தனித்தனி வலையமைப்பு வெளியை வகுத்துக் கொடுப்பின், மோதலுக்கு இடமே இராது. இவ்வசதியையும் லினக்சு அளிக்கின்றது.

சிறியதொரு கருவிக்கு இத்துணை ஆராய்ச்சி ஏன் எனச் சிலர் வினவலாம். காரணமின்றி இடையிடையே தோற்குஞ் சோதனையைக் கண்டு பழகியவர், மீண்டும் ஒருமுறை ஓட்டினாற் சரியாகிவிடும் எனக் கூறி அப்பாற் செல்வர். அப்பழக்கம் வேரூன்றியபின் உண்மையான பிழை தோன்றினும் அதற்கும் அதே விடையே கிடைக்கும். இவ்வாறு ஒரு துறையெண்ணின் மோதல் சோதனைகள் அனைத்தின்மேலும் உள்ள நம்பிக்கையை அரித்துவிடும். ஆதலின், சோதிப்பனவற்றை முதலிற் சோதித்தல் மென்பொருள் பயில்வார் மேற்கொள்ளவேண்டிய ஒழுக்கமாகும்.