மிதிப்பவர் பெறும் பெருமிதம்

விடுமுறை நாளொன்றின் விடியற்பொழுது. அச்சுவேலியிலிருந்து வல்லை வெளியை நோக்கிச் செல்லும் தெருவில், இளைஞர் சிலரும் பெண்கள் இருவரும் தலைக்கவசம் அணிந்து துவிச்சக்கர வண்டிகளை விரைந்து மிதித்துச் சென்றனர். வெங்காயப் பாத்திக்கு நீர் பாய்ச்சிக்கொண்டு நின்ற முதியவர் ஒருவர் நிமிர்ந்து நோக்கி, "மாஸ்ரர், இவை எங்கை போகினம்?" என வினவினார். "ஓரிடமுமில்லை ஐயா, போட்டிக்குப் பழகினம்" என்றேன். "வீட்டிலை மோட்டார் சைக்கிள் நிக்க, இதென்ன வீண்வேலை!" என்றார் அவர்.

அவர் கூற்று எளிதில் தள்ளத்தக்கதன்று. 1990 முதலாக மின்சாரமும் எரிபொருளும் அற்றிருந்த யாழ்ப்பாணத்தைத் தாங்கியவை இவ்விரு சக்கரங்களே. விறகும் மரக்கறியும் நோயாளியும் இவற்றின் மீதே சென்றனர். வண்டியைக் கவிழ்த்து வைத்துச் சக்கரத்தைச் சுழற்றி, டைனமோவின் மின்னால் வானொலி கேட்ட இரவுகளை யாம் மறந்திலேம். 2022 இல் எரிபொருள் வரிசைகள் நீண்டபோது நாடு முழுவதுமே மீண்டும் மிதிக்கத் தொடங்கிற்று. கட்டாயத்தால் மிதித்தவர்க்கு, விருப்பத்தால் மிதிப்பவரை விளங்கிக்கொள்ளல் அரிதேயாம்.

பரிசுக்காக மிதிக்கின்றனர் எனின், அது விடையாகாது. நூறு பேர் புறப்படும் ஓட்டத்தில் பரிசு பெறுவார் மூவரே. ஏனையோர் தொண்ணூற்றெழுவரும் மறுமுறையும் வருகின்றனர். இத்தகையோரைக் குறிக்கும் அமெச்சூர் என்னும் சொல், அன்பு செய்பவர் எனப் பொருள்தரும் இலத்தீன் சொல்லின் வழிவந்தது. அவ்வன்பு எதனாற் பிறக்கின்றது? தொல்காப்பியர் மெய்ப்பாட்டியலிற் பெருமிதத்துக்கு நான்கு நிலைக்களன்களை வகுத்தார். கல்வியும், தறுகண் எனப்படும் அஞ்சாமையும், புகழும், கொடையும் அவை. அந்நான்கும் ஈண்டுப் பொருந்துமாறு காண்போம்.

கல்வி என்பது ஏட்டோடு முடிவதன்று. தமிழகத்துப் புதுக்கோட்டை மாவட்டத்தில் 1991 இல் அறிவொளி இயக்கம் எழுத்தறிவு புகட்டியபோது, அன்றைய ஆட்சியர் ஷீலா ராணி சுங்கத் துவிச்சக்கர வண்டி ஓட்டுதலையும் அதன் ஓர் அங்கமாக்கினார். ஏளனம் செய்தோர் இருந்தனர். எனினும் நாட்டுப்புறப் பெண்கள் பல்லாயிரவர் அதனைப் பயின்றனர். பெண்களுக்கான வண்டிகள் போதாமையால் ஆண்களுக்கான வண்டிகளையே பலர் ஓட்டினர். நடுச்சட்டத்திற் குழந்தையை இருத்தலாம் என அவற்றையே விரும்பினாரும் உளர். 1992 மகளிர் தினத்தில் ஆயிரத்தைந்நூற்றுக்கும் மேற்பட்ட பெண்கள் அந்நகர வீதிகளில் அணிவகுத்து ஓட்டினர். கற்ற வித்தையைப் பலரறியக் காட்டுதலும் ஓரின்பமன்றோ!

இனி, தறுகண். பாரிசிலிருந்து பிரெஸ்ற் நகர் சென்று மீளும் பயணம் 1891 இல் போட்டியாகத் தொடங்கிற்று. இன்று நான்காண்டுக்கு ஒருமுறை ஆர்வலர்க்கென நிகழ்கின்றது. 1200 கிலோமீற்றரை 90 மணிநேரத்துள் முடித்தல் வேண்டும். முதல்வர், இரண்டாமவர் என்ற வரிசையில்லை. இந்தியாவிலிருந்தும் பலர் சென்று வருகின்றனர். அங்கே வெல்லப்படும் பகை, தன் களைப்பே. அவ்வளவு தூரம் போவானேன்? வல்லை வெளியில் எதிர்க்காற்றை ஏற்று மிதித்தவர் இதனை அறிவர். வேகம் இருமடங்காயின், காற்றைப் பிளத்தற்கு வேண்டும் வலு எண்மடங்காகும். ஆதலின் ஒருவர் பின் ஒருவராய், முன்செல்வாரை மாற்றி மாற்றிச் செல்லும் ஒற்றுமையையும் அவ்வெளி கற்பிக்கின்றது.

புகழுக்கு நம்மூரே சான்று. பொங்கலுக்கும் புத்தாண்டுக்கும் சனசமூக நிலையங்கள் நடத்தும் ஓட்டங்களில், கடைசியாக வருபவனுக்கும் கைதட்டல் உண்டு. கொடைக்கும் சான்றுகள் பல. அமெரிக்காவின் மசாச்சுசெற்ஸ் மாநிலத்தில் 1980 முதலாகப் புற்றுநோய் மருத்துவத்துக்கு நிதி திரட்டி ஆண்டுதோறும் மிதிக்கின்றனர். 2011 இல் தேவேந்திரமுனையிலிருந்து பருத்தித்துறை வரை நடந்தோர் தெல்லிப்பழைப் புற்றுநோய் மருத்துவமனைக்காக நடந்தனர். அது நடையே எனினும் நோக்கம் ஒன்றே.

இந்நான்கும் இருபாலார்க்கும் பொது. ஆயின் பெண்ணுக்கு ஐந்தாவதொன்றும் உண்டு. நம் மாணவியர் அணியணியாய் வண்டியிற் பாடசாலைக்கு வருகின்றனர். படிப்பு முடிந்து மணமும் நிகழ்ந்தபின், அவருட் பலரது வண்டி கோடிப்புறத்திற் சாத்தப்படுகின்றது. கடைக்கோ கோயிலுக்கோ அன்றி, வேலையேதுமின்றி வைகறையில் தெருவிற் செல்ல ஆடவனுக்கு எவரும் காரணம் கேளார், பெண்ணைக் கேட்பர். 'போட்டிக்குப் பழகுகின்றேன்' என்பது அவளுக்கொரு விடை. தன் விருப்பமே தக்க காரணம் என ஊர் ஒப்புக்கொள்ளும் நாள் வரும்வரை, அவ்விடை அவளுக்கு வேண்டியதே. ஆதலின் போட்டி நடத்துவோர் மகளிர்க்கும், அவருள் மணமானோர்க்கும் நடுவயதினர்க்கும் இடமளித்தல் கடனாம்.

இவ்வளவையும் அன்று அம்முதியவர்க்கு யான் கூறவில்லை. கூற வேண்டியும் இருக்கவில்லை. மண்வெட்டியை ஊன்றி நின்று, சென்று மறைந்தோரையே பார்த்திருந்தவர், சற்றுப் பொறுத்துச் சொன்னார்: "தொண்ணூற்றைஞ்சு இடப்பெயர்விலை அம்மாவைக் கரியரிலை இருத்திக் கைதடி மட்டும் உருட்டினனான், மாஸ்ரர். அந்தச் சைக்கிள் இப்பவும் நிக்குது."

அவர் குரலிலும் பெருமிதமே ஒலித்தது.