வண்ணமீனின் கூச்சமும் தொட்டியின் அமைப்பும்

புதிதாக வாங்கிவந்து கண்ணாடித் தொட்டியில் விடப்பட்ட வண்ணமீன் நாள்கணக்கில் மூலையிலேயே பதுங்கிக் கிடந்தாலும், இரை தூவியும் வெளிவராமல் இருந்தாலும், வளர்ப்போர் அதனை அந்த மீனின் குறையாகவே பெரும்பாலும் கருதுகின்றனர். உண்மையில் பதுங்குதல் என்பது, கொக்குக்கும் பெரிய மீனுக்கும் இரையாகாமல் பிழைத்துவந்த உயிரினத்தின் தற்காப்பு இயல்பு. ஆகவே கூச்சப்படும் மீனைத் திருத்த முயல்வதைவிட, அது அஞ்சுவதற்குக் காரணமான தொட்டியைத் திருத்துவதே முறையாகும்.

இதற்கு நல்ல சான்று, கடலூருக்கும் சிதம்பரத்துக்கும் இடையே வெள்ளாறு கடலில் கலக்கும் பரங்கிப்பேட்டையில் உண்டு. 1929இல் தொடங்கப்பட்ட அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் கடல் உயிரியல் உயராய்வு மையம் அங்கே இயங்கிவருகிறது. அம்மையத்தின் ஆய்வாளர்கள் ‘கோமாளி மீன்’ எனப்படும் கடல் வண்ணமீனைக் கழிமுக நீரில், அதாவது ஆற்று நீர் கலந்து கடலைவிட உப்புச் சற்றுக் குறைந்த நீரில், இனப்பெருக்கம் செய்யவைத்தனர். கடலில் இம்மீன், தீண்டியவற்றைக் கொட்டும் உணர்கொம்புகளை உடைய ‘கடல் சாமந்தி’ என்னும் உயிரியின் நடுவே வாழ்கிறது. தன் உடலைப் போர்த்தியுள்ள வழவழப்பான கோழைப்படலத்தின் காரணமாக இது மட்டும் கொட்டுக்கு ஆளாவதில்லை. தொட்டியில் கடல் சாமந்தி இல்லாதபோது ஒரு மண்சட்டியோ ஓட்டுத்துண்டோ கிடைத்தால், அதையே இருப்பிடமாகக் கொண்டு அதன் மேலேயே முட்டையிடுகிறது. ஆண் மீன் துடுப்பால் முட்டைகளுக்கு நீரை விசிறியபடி ஒரு வாரமளவில் காவல் இருக்கிறது. அவ்வாறு இடம் பிடித்துக்கொண்ட கோமாளி மீன், தொட்டியைத் துடைக்க உள்ளே நுழையும் மனிதக் கையையே கடித்து விரட்டும் அளவுக்குத் துணிவு பெறுகிறது. மறைவிடம் மீனைக் கோழையாக்குவதில்லை என்பதற்கு இதைவிடத் தெளிவான விளக்கம் தேவையில்லை.

நம் கரையோரக் கழிமுகங்களுக்கும் உவர்நீர்க் காயல்களுக்கும் உரிய ‘செல்லக்காசு’ மீனும் (வணிகத்தில் இதன் பெயர் ஆரஞ்சு குரோமைடு) இதே பாடத்தைச் சொல்கிறது. விரல் நீளமே வளரும் இம்மீனில் தாயும் தந்தையும் சேர்ந்தே குஞ்சுகளைக் காக்கின்றன; குஞ்சுகள் பெற்றோரின் உடல்மேல் சுரக்கும் கோழையைக் கொத்தித் தின்று வளர்கின்றன. இத்தனை நெருக்கமாகக் கூடி வாழும் இனத்தில் ஒன்றை மட்டும் பிரித்துத் தனியே வைத்தால் அது ஒடுங்கிப்போவது இயல்பே. முற்றிலும் நன்னீரிலும் இது தாக்குப்பிடிக்கும் என்றாலும், சற்றே உப்புக் கலந்த நீரில், ஐந்தாறு மீன்கள் சேர்ந்திருக்கையில்தான் இதன் மஞ்சள் நிறமும் சுறுசுறுப்பும் வெளிப்படுகின்றன.

பெரும்பாலான மீன்களுக்குக் கண்ணிமை இல்லை. இருட்டில் கிடந்த தொட்டியில் திடீரென விளக்கேற்றினால் அவை மிரண்டு கண்ணாடியில் மோதுவதற்கு இதுவும் ஒரு காரணம். எனவே முதலில் அறை விளக்கையும், சிறிது நேரம் கழித்துத் தொட்டி விளக்கையும் போடுதல் வேண்டும். மேலும், மீனின் விலாவில் செவுள் தொடங்கி வால் வரை ஓடும் பக்கக்கோடு என்னும் உணர்வுறுப்பு நீரின் மெல்லிய அசைவையும் அறியக்கூடியது என்பதால், கதவு அடிக்கடி அறையப்படும் சுவரோரமும் தொலைக்காட்சிப் பெட்டியின் அருகும் தொட்டிக்கு ஏற்ற இடங்கள் அல்ல. குழந்தைகள் கண்ணாடியைத் தட்டுவதையும் கண்டிப்பாகத் தடுக்க வேண்டும். தொட்டியின் பின்புறத்திலும் இரு பக்கங்களிலும் கருநிறத் தாள் ஒட்டினால், நாற்புறமும் பார்க்கப்படும் அச்சம் மீனுக்குக் குறையும்.

மறைவிடத்துக்குப் பணம் செலவழிக்க வேண்டியதில்லை. வண்ணம் பூசாத மண்சட்டியைப் பக்கவாட்டில் சாய்த்து வைக்கலாம். நார் நீக்கி நன்கு வேகவைத்த கொட்டாங்கச்சியும், அடர்ந்த வேலம்பாசியும் போதுமானவை. மறைவிடங்கள் மீன்களின் எண்ணிக்கையைவிடக் கூடுதலாக இருப்பது நலம். ஓடி ஒளிய இடம் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கிறது என்று உணர்ந்த மீனே நடுத்தொட்டிக்கு வந்து நீந்தும். அச்சமற்ற சிறு கூட்டமீன்களை உடன்விடுவதும் பழைய உத்தியே: நன்னீர்த் தொட்டியில் ஜீப்ரா டேனியோவும், சற்று உவர்ப்பான தொட்டியில் மோலியும் மேற்பரப்பில் கவலையின்றித் திரிவதைக் காணும் கூச்ச மீன், ஆபத்து இல்லை என்பதை அவற்றிடமிருந்தே அறிந்துகொள்கிறது. கடல்மீன் தொட்டியை அழகுபடுத்த இயற்கைப் பவளத்தை வாங்குவது மட்டும் கூடாது. அது 1972ஆம் ஆண்டு வனஉயிரினப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம்.

எல்லாவற்றினும் முதன்மையானது தண்ணீர். சென்னைக் கொளத்தூர் போன்ற சந்தைகளிலிருந்து பல மணி நேரம் நெகிழிப்பையில் பயணம் செய்யும் மீனின் மூச்சால் பைநீரில் கரியமில வாயு மிகுந்து அமிலத்தன்மை ஏறுகிறது. அந்நிலையில் மீன் கழிக்கும் அம்மோனியா பெரும்பாலும் தீங்கு குறைந்த அம்மோனிய வடிவிலேயே தங்கியிருக்கிறது. பையைத் திறந்தவுடன் கரியமில வாயு வெளியேறி அமிலத்தன்மை தணிய, அதே பொருள் மீண்டும் நச்சாக மாறுகிறது. ஆகவே மூடிய பையைத் தொட்டியில் கால்மணி நேரம் மிதக்கவிட்டு வெப்பநிலையைச் சமன்செய்தபின், நெடுந்தொலைவு வந்த மீனைத் தாமதியாமல் வலையால் எடுத்துவிட வேண்டும். பைநீரைத் தொட்டியில் ஊற்றுதல் கூடாது. அம்மோனியாவைத் தீங்கு குறைந்த நைட்ரேட்டாக மாற்றும் நுண்ணுயிரிகள் புதுத்தொட்டியின் வடிப்பானில் நிலைபெற நான்கு முதல் ஆறு வாரங்கள் ஆகும் என்பதால், தொட்டி வாங்கிய அன்றே மீனையும் வாங்குவது பெருந்தவறு. குளோரின் கலந்த குழாய் நீரையும், கடலோர ஊர்களின் ஆழ்துளைக் கிணற்று நீரையும் ஒருநாள் காற்றூட்டி வைத்தே பயன்படுத்த வேண்டும்; கிணற்று நீரில் உவர்ப்பும் கடினத்தன்மையும் மிகுதியாயின் அதைத் தாங்கும் மீனையே தேர்ந்தெடுப்பது நல்லது.

முதல்நாள் இரை கொடாவிட்டாலும் குற்றமில்லை. ஆனால் துடுப்புகளை ஒடுக்கிக்கொண்டு, செவுள் வேகமாக அடிக்க, ஒரு வாரமாகியும் உண்ணாத மீன் கூச்சத்தால் அன்றி நோயாலோ கெட்ட நீராலோ வாடுகிறது. முதலில் நீரைச் சோதிக்க வேண்டும். எவ்வளவு முயன்றும் வளர்க்க இயலாத மீனைக் கடைக்கே திருப்பிக் கொடுங்கள். வெள்ளாற்றிலோ வீராணம் ஏரியிலோ ஊர்க்குளத்திலோ விட்டுவிடாதீர்கள், ஏனெனில் ‘டேங்க் கிளீனர்’ என விற்கப்படும் தென்னமெரிக்கக் கெளுத்தி தமிழக நீர்நிலைகளில் பெருகி நாட்டு மீன்களை நெருக்குவது அப்படி விடப்பட்டதன் விளைவே.