மடி போதாது
மழலைக்குக் கார் ஆசனம் வாங்கும் பெற்றோருக்குச் சில வார்த்தைகள்

1995ஆம் ஆண்டு ஒக்ரோபர் 30ஆம் நாள் இரவு. வலிகாமத்து மக்கள் தென்மராட்சியை நோக்கி நடந்துகொண்டிருந்தனர். நாவற்குழிப் பாலத்தில் முன்னே செல்லவும் இடமில்லை. பின்னே திரும்பவும் வழியில்லை. மேலே மழை. எனக்கு அப்போது பதினைந்து வயது. ஒன்றரை வயதுத் தம்பியை அம்மா மார்போடு அணைத்து, சேலைத் தலைப்பால் மூடி, விடியும்வரை கீழே இறக்காமலே நடந்தார். அந்தக் கைகளே அவனைக் காப்பாற்றின. எம்மவருள் பலருக்கு இத்தகைய இரவு ஒன்று உண்டு. ஆதலாற்றான், பிள்ளைக்குத் தாயின் மடியைவிடப் பாதுகாப்பான இடம் உலகில் இல்லை என்னும் எண்ணம் எம்மிடம் ஆழ வேரூன்றியிருக்கிறது.

பதினெட்டு ஆண்டுகள் கழித்து, 2013ஆம் ஆண்டு மாரிகாலத்தில், ரொறன்ரோவின் ஸ்காபுரோவில் அதே அம்மா எனது காரின் பின்னிருக்கையில் அமர்ந்திருந்தார். அருகே ஒரு வயது நிரம்பிய என் மகள் ஆசனத்தில் கட்டுண்டு வீரிட்டு அழுதுகொண்டிருந்தாள்.

“பிள்ளையைக் கழட்டித் தா தம்பி. நான் மடியிலை வைச்சிருக்கிறன். உங்களை எல்லாம் நான் எப்பிடிக் கொண்டு வந்தனான்?”

நான் கழற்றிக் கொடுத்தேன். கோயில் பத்து நிமிடத் தூரந்தானே என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். அன்று எதுவும் நடக்கவில்லை. எதுவும் நடக்காததே அடுத்த முறையும் அவ்வாறு செய்யும் துணிவை எனக்குத் தந்தது. ஊரில் பல்கலைக்கழகத்தில் பௌதிகவியல் கற்பித்தவன் நான். சடத்துவம், உந்தம், அமர்முடுகல் என்று கரும்பலகையில் எழுதியவன். அந்தக் கணக்கை என் சொந்தப் பிள்ளைக்காக ஒரு நாளேனும் போட்டுப் பார்க்கவில்லை என்பதை வெட்கத்தோடு ஒப்புக்கொள்கிறேன்.

கணக்குச் சொல்வது என்ன?

மணிக்கு 50 கிலோமீற்றர் என்பது நகரத் தெருக்களில் நாம் சாதாரணமாகச் செல்லும் வேகம். நொடிக்கு ஏறத்தாழ 14 மீற்றர். பத்து மீற்றர் உயரத்திலிருந்து, அதாவது மூன்று மாடிக் கட்டடமொன்றின் உச்சியிலிருந்து விழும் பொருள் நிலத்தைத் தொடும்போது பெறும் வேகமும் இதுவே. இவ்வேகத்தில் செல்லும் கார் எதிலேனும் மோதி அரை மீற்றர் தூரத்துக்குள் நின்றுபோனால், உள்ளிருக்கும் ஒவ்வொரு பொருளும் தன் நிறையின் இருபது மடங்கு விசையோடு முன்னே பாயும். பத்துக் கிலோ நிறையுள்ள பிள்ளை அக்கணத்தில் இருநூறு கிலோவாகிறது. நான்கு அரிசி மூட்டைகளின் பாரம். அதனைக் கண்ணிமைக்கும் நேரத்துள் பிடித்து நிறுத்தும் கைகள் எந்தத் தாய்க்கும் இல்லை. தாய் பட்டி அணியாதிருந்தால் அவளது உடலும் பிள்ளையின் மேலேயே வந்து மோதும்.

நாவற்குழியில் காத்த கைகள் இங்கு காக்கா. இது அன்பின் குறைபாடன்று, பௌதிகத்தின் விதி.

ஏன் பின்னோக்கி?

பிள்ளையைக் கட்டுவது போதுமெனின், ஏன் அதன் முகம் காரின் பின்புறத்தை நோக்க வேண்டும்? விடை குழந்தையின் கழுத்தில் இருக்கிறது. வளர்ந்தவரின் தலை உடல் நீளத்தில் ஏறத்தாழ எட்டிலொரு பங்கு. பிறந்த குழந்தைக்கோ நாலிலொரு பங்கு. இப்பெரிய தலையைத் தாங்கும் கழுத்தெலும்புகள் மழலைப் பருவத்தில் முற்றாக எலும்பாகியிருப்பதில்லை. ஒவ்வொன்றும் குருத்தெலும்பால் இணைந்த துண்டுகளாக இருந்து, மூன்று முதல் ஆறு வயதுக்குள்ளேயே ஒன்றாகப் பொருந்துகின்றன. முன்னோக்கி அமர்ந்த பிள்ளையின் உடலைப் பட்டி பிடித்து நிறுத்த, தலை மட்டும் முன்னே பாய்கிறது. இழுபடுவது கழுத்து. அதனுள் ஓடும் முண்ணாண் அவ்விழுவையைத் தாங்காது. பின்னோக்கி அமர்ந்த பிள்ளையின் தலை, கழுத்து, முதுகு மூன்றையும் ஆசனத்தின் முதுகுப்புறம் ஒருங்கே ஏந்திக்கொள்கிறது. கிரிக்கெற் வீரன் பந்தை விரல்நுனியால் பிடிப்பதற்கும் உள்ளங்கை முழுவதாலும் ஏந்துவதற்கும் உள்ள வேறுபாடே இது.

இவ்வுண்மையை முதலில் செயலாக்கிய நாடு சுவீடன். பின்னாளில் கோத்தன்பர்க் நகரின் சால்மர்ஸ் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தில் பேராசிரியராக விளங்கிய பெர்ட்டில் ஆல்ட்மான், ஜெமினி விண்கலத்தின் வீரர்கள் ஏவுதலின் விசையை முதுகால் தாங்கும் வண்ணம் அமர்த்தப்படுவதைக் கண்டு, 1964இல் பின்னோக்கிய குழந்தை ஆசனமொன்றின் முதல் மாதிரியை அமைத்தார். அந்நாட்டில் நான்கு வயதுவரை பிள்ளைகள் பின்னோக்கி அமர்வது இன்று வழக்கமாகிவிட்டது. அமெரிக்கக் குழந்தை மருத்துவர் கழகம் 2011இல் இரண்டு வயதுவரை என்றது. 2018இல் வயதெல்லையை நீக்கி, ஆசனத்தின் உயர, நிறை எல்லைகள் இடங்கொடுக்கும் வரையில் பின்னோக்கியே இருத்துங்கள் என்று திருத்தியது.

சட்டம் இதைவிடக் குறைவாகவே கேட்கிறது. ஒன்ராறியோவில் 9 கிலோ நிறை எய்தும்வரை பின்னோக்கிய ஆசனம் கட்டாயம். பல பிள்ளைகள் முதற் பிறந்தநாளுக்கு முன்னரேயே அந்நிறையை எட்டிவிடுகின்றன. பிள்ளையை முறைப்படி கட்டாத சாரதிக்கு 240 டொலர் அபராதமும் இரண்டு குற்றப்புள்ளிகளும் விதிக்கப்படலாம். ஐரோப்பாவின் புதிய விதியான ஆர்-129 இன்படி அமைந்த ஆசனங்களில் 15 மாதம்வரை பின்னோக்கி இருத்தல் வேண்டும். சட்டம் கூறுவது ஆகக் குறைந்த எல்லை. அந்த எல்லை வந்ததும் பிள்ளையைத் திருப்பிவிட வேண்டுமென்று எச்சட்டமும் கட்டளையிடவில்லை.

கைமாறி வந்த ஆசனம்

எனது மகளின் ஆசனம் நான் வாங்கியதன்று. எம்மவர் ஒருவரின் பிள்ளை வளர்ந்ததும், அவர் மனமுவந்து தந்தது. ஊரில் தொட்டிலும் ஏணையும் வீடு வீடாகக் கைமாறுவதில்லையா? வெறுங்கையோடு வந்திறங்கிய எம்மில் யார்தான் பிறர் தந்த மேலங்கியையும் மெத்தையையும் மறுத்தோம்? நன்றியோடு பெற்றுக்கொண்டேன். முதற் பிறந்தநாளன்று, பிள்ளை பெரியவளாகிவிட்டாள் என்ற மகிழ்ச்சியில், ஆசனத்தை முன்னோக்கித் திருப்பியும் விட்டேன்.

சில வாரங்களின்பின் வாகனத் தரிப்பிடம் ஒன்றில் இலவச ஆசனப் பரிசோதனை நடைபெறுவதை அறிந்து சென்றேன். பரிசோதித்த பெண்மணி மூன்று கேள்விகள் கேட்டார். இது எந்த ஆண்டு செய்யப்பட்டது? முன்னர் விபத்தில் சிக்கியதா? கையேடு எங்கே? மூன்றுக்கும் என்னிடம் விடையில்லை. ஆசனத்தின் அடியில் ஒட்டியிருந்த சுட்டி உரிந்து போயிருந்தது. பின்னர் ஆசனத்தைப் பிடித்து இலேசாக அசைத்துக் காட்டினார். அது ஒரு சாண் தூரம் நகர்ந்தது. அவர் என்னைக் கடிந்து ஒரு சொல்லும் சொல்லவில்லை. அதுவே எனக்குப் போதுமானதாயிற்று.

வாங்குமுன் பார்க்க வேண்டியவை

ஒரு வயதைக் கடந்த பிள்ளைக்கு ஏற்றது ‘கன்வேர்ட்டிபிள்’ எனப்படும் இருநிலை ஆசனம். முதலில் பின்னோக்கியும், பிள்ளை அதன் எல்லையைக் கடந்தபின் முன்னோக்கியும் பொருத்தலாம். கைபிடியோடு தூக்கிச் செல்லும் சிசு ஆசனத்தைப் பிள்ளை விரைவில் கடந்துவிடும். தெரிவு செய்கையில் கவனிக்க வேண்டியவை இவை:

முதலாவது, முத்திரை. கனடாவில் விற்கப்படும் ஒவ்வோர் ஆசனத்திலும் மேப்பிள் இலை பொறித்த தேசியப் பாதுகாப்பு முத்திரை இருத்தல் வேண்டும். எல்லை கடந்து பவலோவில் மலிவாக வாங்கியதும், இலண்டனிலிருந்து சகோதரி அன்போடு அனுப்பியதும் எவ்வளவு சிறந்தவையாயினும், அம்முத்திரை இல்லையேல் இங்கு சட்டப்படி பயன்படுத்த முடியாது.

இரண்டாவது, காலாவதித் திகதி. ஆசனத்தின் பிளாஸ்ரிக்கில் அல்லது சுட்டியில் இது பொறிக்கப்பட்டிருக்கும். வெயிலும் பனியும் மாறி மாறித் தாக்குவதால் பிளாஸ்ரிக் நலிவுறும். பழைய ஆசனமாயின் அதன் முழு வரலாற்றையும் அறிந்த ஒருவரிடமிருந்தன்றிப் பெறாதீர்கள். விபத்தில் சிக்கிய ஆசனம், வெளியே கீறல் இல்லாவிடினும், மீண்டும் பயன்படுத்தத் தக்கதன்று.

மூன்றாவது, பின்னோக்கிய நிலைக்கான எல்லை. பெட்டியில் இரு வேறு எல்லைகள் எழுதப்பட்டிருக்கும். முன்னோக்கிய நிலைக்குரியதைப் பார்த்து ஏமாறாதீர்கள். இருநிலை ஆசனங்கள் பல 18 கிலோ வரையும், சில அதற்கு மேலும் பின்னோக்கி இருத்த இடமளிக்கின்றன. உயர எல்லையையும் பாருங்கள். பல பிள்ளைகள் நிறையில் அன்றி உயரத்திலேயே ஆசனத்தை முதலில் கடக்கின்றன.

நான்காவது, உங்கள் கார். பின்னோக்கிய ஆசனம் சாய்ந்து நிற்பதால் முன்னிருக்கையின் இடத்தைப் பிடிக்கும். சிறிய காராயின், வாங்குமுன் பொருத்திப் பார்க்க முடியுமா எனக் கடையில் கேளுங்கள். பொருந்தாத ஆசனத்தைத் திருப்பிக் கொடுக்கும் வசதியையும் உறுதிசெய்யுங்கள்.

ஐந்தாவது, விலை. கடையில் விற்கப்படும் மலிவான ஆசனமும் விலையுயர்ந்த ஆசனமும் ஒரே பாதுகாப்பு விதியை நிறைவுசெய்தவையே. மிகுதிப் பணம் பெரும்பாலும் மெத்தைக்கும் துணிக்கும் வசதிக்குமே செல்கிறது. சரியாகப் பொருத்திய மலிவான ஆசனம், பிழையாகப் பொருத்திய விலையுயர்ந்த ஆசனத்தைவிட மேலானது. அகதிக் கோரிக்கையின் முடிவுக்காகக் காத்திருக்கும் குடும்பங்கள் இதனை மனத்திற் கொள்ளுதல் நன்று.

பொருத்துகையில்

ஆசனம் பின்னிருக்கையிலேயே இருக்கட்டும். காற்றுப்பை இயங்கும் முன்னிருக்கையில் பின்னோக்கிய ஆசனத்தை ஒருபோதும் வைக்காதீர்கள். விரியும் காற்றுப்பை பிள்ளையின் தலைக்குப் பின்னே பேரடியாக விழும். காரின் ஆசனப்பட்டியால் பொருத்தலாம். அல்லது 2002 செப்ரெம்பருக்குப் பின் செய்யப்பட்ட கார்களில் உள்ள கீழ்க்கொளுவிகளைப் பயன்படுத்தலாம். கையேடு அனுமதித்தாலன்றி இரண்டையும் ஒருங்கே பயன்படுத்த வேண்டாம். பட்டி ஊடறுக்கும் இடத்தில் பிடித்து அசைத்தால் ஆசனம் இரண்டரைச் சென்ரிமீற்றருக்கு மேல் நகரக்கூடாது.

பிள்ளையின் தோட்பட்டிகள் தோளின் மட்டத்திலோ சற்றுக் கீழோ இருக்க வேண்டும். நெஞ்சுக் கொளுவி அக்குள் மட்டத்தில் நிற்க வேண்டும். தோளருகே பட்டியை இரு விரலால் கிள்ளிப் பாருங்கள். மடிப்பு அகப்பட்டால் இன்னும் இறுக்குங்கள். மாரிகாலத்தில் தடித்த மேலங்கியோடு பிள்ளையைக் கட்டும் வழக்கம் எம்மிடையே பரவலாக உண்டு. விபத்தில் அப்பஞ்சு நசுங்கி, பட்டி தளர்ந்துவிடும். அங்கியைக் கழற்றிக் கட்டியபின், அதனையோ போர்வையையோ மேலே போர்த்திவிடுங்கள்.

கால் மடிந்திருக்கிறதே என்று பேரர்கள் கவலைப்படுவர். பிள்ளைகள் வீட்டிலும் காலை மடித்தே அமர்கின்றன. அது அவர்களுக்கு நோவன்று. வாடகைக் காரில் செல்லும்போது ஒன்ராறியோச் சட்டம் சாரதிக்கு விலக்கு அளிக்கிறது. மோதலின் விசை எவருக்கும் விலக்கு அளிப்பதில்லை. இயலுமாயின் உங்கள் ஆசனத்தை உடன் கொண்டு செல்லுங்கள். புதிய ஆசனத்தோடு வரும் பதிவு அட்டையையும் நிரப்பி அனுப்புங்கள். குறைபாடு கண்டு மீளப் பெறும்போது உங்களுக்கு அறிவிப்பார்கள்.

அன்று பரிசோதனையிலிருந்து திரும்பி, அம்மாவிடம் அந்த நான்கு அரிசி மூட்டைக் கணக்கைச் சொன்னேன். நெடுநேரம் பேசாதிருந்தார். “அண்டைக்கு எங்களிட்டைக் கை மட்டுந்தானே இருந்தது” என்றார். அதன்பின் பேத்தி எவ்வளவு அழுதும் அவர் கழற்றச் சொன்னதில்லை. பக்கத்தில் இருந்து அவளது விரலைப் பிடித்துக்கொள்வார்.

அப்போது வாங்கிய ஆசனத்தில் மகளுக்குப் பின் மகனும் வளர்ந்தான். 2020இல் அது காலாவதியானது. ஊரில் கிழிந்த சேலையைக்கூட எறியாத அம்மா, கத்தரிக்கோலை எடுத்து அதன் பட்டிகளைத் தம் கையாலேயே வெட்டினார். வேறொருவர் எடுத்துத் தம் பிள்ளையை அதில் இருத்திவிடக் கூடாது என்பதற்காக.