இரண்டாம் முறை நடத்தல்: கதிர்காமப் பாதயாத்திரை பற்றிய சில சமூகவியற் குறிப்புகள்

யாத்திரை பற்றி நம்மிடையே எழுதப்பட்டனவற்றுட் பெரும்பாலானவை ஒருமுறை நடந்தோரால் எழுதப்பட்டவை. முதன்முறை நடப்பவருக்கு வழியே முழுப்பொருளாகிவிடுகின்றது. காலின் கொப்புளமும் அடுத்த கிணற்றின் தூரமும் அவருடைய கவனத்தை எல்லாம் பற்றிக்கொள்கின்றன. மறுமுறை நடப்பவருக்கு வழி பழக்கமானது; ஆதலால் உடன் நடப்போர் கண்ணிற் படத் தொடங்குகின்றனர். நாம் 2012 இலும் 2023 இலும் மட்டக்களப்பிலிருந்து மண்டூர், திருக்கோவில், பொத்துவில், உகந்தை வழியாகக் கதிர்காமம் வரை நடந்தோம். பின்வருவன பெரிதும் இரண்டாவது நடையின் அவதானங்களே.

இப்பாதையின் முழு நீளம் வடக்கே தொண்டைமானாறு செல்வச்சந்நிதியிலிருந்து தொடங்குவது. நடந்து முடிக்க ஏறத்தாழ ஒன்றரை மாதம் செல்லும். பாதை இணைக்கும் தலங்களின் தன்மை ஆராய்ச்சியாளர் கவனத்துக்குரியது. செல்வச்சந்நிதியிற் பூசை செய்பவர் பிராமணர் அல்லர்; வாயை வெண்துணியாற் கட்டி மௌனமாகப் பூசை செய்யும் கப்பூகர். 'சின்னக் கதிர்காமம்' எனப்படும் மண்டூரிலும் வாய்கட்டிப் பூசையே நிகழ்கின்றது. கதிர்காமத்திலோ கப்புறாளைமார் திரைக்குப் பின்னே அவ்வாறே வழிபடுகின்றனர். விக்கிரகம் எவருக்கும் காட்டப்படுவதில்லை. ஆகம நெறியும் வடமொழி மந்திரமும் புகாத தலங்களை ஒரு நூலிற் கோத்தாற்போல் இப்பாதை செல்கின்றது. 1968 இல் மாவிட்டபுரத்தில் ஆலயப் பிரவேசத்துக்காகப் போராட வேண்டியிருந்த ஒரு சமூகத்திலே, இத்தகைய பாதை ஒன்று மக்களால் நெடுங்காலம் பேணப்பட்டு வந்தமை தற்செயலானதெனக் கொள்ள முடியாது.

பாதையில் எல்லோரும் 'சாமி'. பெயரும் ஊரும் தொழிலும் கேட்கப்படுவதில்லை. விக்டர் டர்னர் போன்ற மானிடவியலாளர் யாத்திரையிற் கண்ட அமைப்பு கடந்த தோழமை இதுவேயாகும். அது பொய்யன்று, நாம் இருமுறையும் அதனை அனுபவித்தோம். முற்போக்காளர் சிலர் செய்வதுபோல் இதனை வெறும் மயக்கம் என்று தள்ளிவிடுவது சோம்பலான விமர்சனம். ஆயினும் அத்தோழமை எங்கே தொடங்கி எங்கே முடிகின்றது என்பதை அடுப்படியிலேதான் காணலாம். யாத்திரிகர் தனியாக நடப்பதில்லை, குழுக்களாகவே நடக்கின்றனர். குழு என்பது பெரும்பாலும் ஒரே ஊர், ஒரே உறவு; ஆகவே, சொல்லாமலே, ஒரே சாதி. அன்னதானப் பந்தியில் யாவரும் அருகருகே அமர்ந்து உண்பர். அன்னதானம் இல்லாத இடத்தில், சிறப்பாக உகந்தைக்கு அப்பாற்பட்ட காட்டில், குழுவுக்கு ஒரு பானை என்றாகிவிடும். குமுக்கன் ஆற்றங்கரையில் இரவு எரியும் அடுப்புகளை எண்ணிப் பார்ப்பவர் ஊர்களின் சமூகப் படம் ஒன்றை மணலிற் காண்பார். பண்டரிபுர யாத்திரையில் நடந்த இராவதி கார்வே, ஒரே கூட்டத்தில் நடந்த பிராமணப் பெண்களும் மராட்டியப் பெண்களும் தனித்தனியே சமைத்து உண்டதைக் கண்டு வருந்தி எழுதினார். நம்மிடையே அவ்வாறான வருத்தம்கூட இன்னும் எழுத்தில் வரவில்லை.

அடுப்பை மூட்டுவோர் யார்? எமது குழுவில் ஆண்கள் வேலும் காவடியும் சுமந்தனர். பானை, அரிசி, தேங்காய் ஆகியவற்றைப் பெண்கள் சுமந்தனர். பகல் முழுதும் ஒரே தூரம் நடந்தபின் ஒரு சாரார் படுத்தனர், மறு சாரார் விறகு தேடினர். பதினொரு ஆண்டு இடைவெளியில் இதில் யாதொரு மாற்றத்தையும் நாம் காணவில்லை.

மாற்றம் வேறிடத்தில் இருந்தது. ஆடித் திருவிழாவுக்கான இந்நடை, பெரும்போக அறுவடை முடிந்து கிழக்கின் மானாவாரி வயல்கள் வெறுமையாய்க் கிடக்கும் வறண்ட காலத்தில் நிகழ்வது. ஆறுகள் வற்றியிருப்பதால் கடக்கலாம். மழையை நம்பிய விவசாயிக்கு வயலில் வேலையும் இல்லை. யாத்திரையின் பஞ்சாங்கம் ஓர் உற்பத்தி முறையின் ஓய்வுக்காலமுமாகும். குளத்து நீரிற் சிறுபோகம் செய்யும் பகுதியினருக்கோ அக்காலம் அறுவடையை அண்மிய காலம். நாட்கூலிக்கு அது இன்னும் கடினம். 2012 இல் எம்முடன் மட்டக்களப்பிலிருந்தே நடந்த குழுவிற் பலர் 2023 இல் பேருந்தில் உகந்தைக்கு வந்து அங்கிருந்து ஐந்து நாள் மட்டும் நடந்தனர். 2022 இன் பொருளாதார நெருக்கடிக்குப் பின்னர் அவர்கள் கொத்து வேலைக்கும் ஆடைத் தொழிற்சாலைக்கும் சென்றுகொண்டிருந்தனர். 'நேர்த்தி அதேதான் சாமி, லீவுதான் இல்லை' என்றார் ஒருவர். பக்தி குறைந்தது என்று வருந்துவோர் இவ்வாக்கியத்தைக் கேட்டல் நன்று. நேரத்தின் உடைமை கைமாறியபோது யாத்திரையின் நீளமும் மாறிற்று. முழுப்பாதையை நடப்போரில் முதிய பெண்களே மிகுதியாகத் தென்பட்டமைக்கும் காரணம் இதுவே எனலாம்: சந்தை விலைகொடுத்து வாங்காத உழைப்பு அவர்களுடையது.

கதிர்காம வழிபாட்டின் நவீன எழுச்சியைக் கணநாத் ஒபயசேகர 1977 இல் ஆராய்ந்தபோது, தடைப்பட்ட சமூக வேட்கைகளோடு அதனைத் தொடர்புபடுத்தினார். அவருடைய கவனம் நகரச் சிங்கள பௌத்தரையும் தலத்தையும் நோக்கியது. நடந்து வரும் கிழக்கின் விவசாயி அச்சட்டகத்துள் இலகுவில் அடங்கார். நடப்போரை எண்ணுவதும் கட்டுப்படுத்துவதும் அரசின் பழைய வழக்கம். 1870 களில் கொள்ளைநோயைக் காரணங்காட்டிக் குடியேற்ற அரசு யாத்திரிகரைக் கட்டுப்படுத்தியது; 1908 முதல் 1911 வரை அம்பாந்தோட்டை உதவி அரசாங்க அதிபராயிருந்த லெனார்ட் வூல்ஃபுக்கு இந்த யாத்திரையை மேற்பார்வை செய்வதும் ஒரு கடமையாயிருந்தது. இன்று உகந்தையிலுள்ள காட்டுவாயில் எந்நாளிற் திறக்கும், எந்நாளில் மூடும் என்பதை அதிகாரிகளின் கூட்டம் தீர்மானிக்கின்றது. வாரக்கணக்கில் நடந்து வருவோர் அத்தேதிக்கேற்பத் தம் நடையை விரைவுபடுத்தவோ, கோயில் வீதியிற் காத்திருக்கவோ வேண்டும். லீவு எண்ணி வருவோருக்கு ஒருநாட் பிந்தினாலும் கூலி போய்விடும்.

எமது குழுத்தலைவியிடம் ஒரு பழைய பாடசாலைக் கொப்பி இருந்தது. யார் எவ்வளவு அரிசி கொண்டுவந்தார், எந்த ஊரில் யார் சோறு தந்தார், யார் பாதிவழியில் வேலைக்குத் திரும்பினார் என்பனவெல்லாம் அதிற் பென்சிலால் எழுதப்பட்டிருந்தன. வேறு குழுக்களிலும் இவ்வாறான கொப்பிகளைக் கண்டோம். பாதயாத்திரையின் சமூக வரலாற்றை எழுத விரும்பும் எமது மாணவர் முதலிற் சேகரிக்க வேண்டியவை இவை. கறையான் அரிக்குமுன் சேகரிக்க வேண்டும்.